வீட்டுக்கும் ஒரு காப்பு வேண்டும்: வெள்ளம், மண்சரிவு, காப்புறுதி பற்றிய விளக்கம்



மழை இல்லாவிட்டால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆகவே மழையை வேண்டாமென்று சொல்லக்கூடியவர்கள் நாமல்ல. ஆனால் அதே மழை அளவுக்கு மிஞ்சினால் பள்ளத்து லயத்துக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுகிறது. மேட்டு லயத்துக்குப் பின்னால் மண்மேடு இறங்குகிறது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுப்பான தோட்டத்திலும் மலை சரிந்தது. 2017 மே மாதம் களு கங்கை பெருகி இரத்தினபுரி, களுத்துறைப் பக்கங்கள் தண்ணீரில் கிடந்தன. 2025 நவம்பர் கடைசியில் வந்த ‘டித்வா’ சூறாவளியில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு அதில் பெரிய அடி.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது உயிரைத்தான். உயிர் தப்பிய பிறகு வருவது இரண்டாவது கஷ்டம். நனைந்த மெத்தை, உடைந்த சுவர், பறந்த தகரம், சேற்றில் புதைந்த அலுமாரி, இதெல்லாம் யார் திருப்பித் தருவது? “அரசாங்கம் தரும்” என்கிறார்கள் சிலர். “தோட்டம் பார்த்துக்கொள்ளும்” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கையில் தாள் இல்லாதவருக்கு இரண்டுமே தாமதமாகத்தான் வரும். இதைத்தான் இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

எந்தப் பக்கம், எந்தக் காலம்?

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அட்டன், கினிகத்தேனை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கங்களுக்குக் கூடிய மழை கொடுக்கும். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, அப்புத்தளை, கொஸ்லந்தை போன்ற இடங்களுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை உள்ள மழைதான் ஆபத்தானது. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண்சரிவுகள் வந்ததும் 2007 ஜனவரியில்தான். ஆகவே “மே மாதம் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை” என்று எல்லோரும் சொல்ல முடியாது. அவரவர் பக்கத்து மாரியை அவரவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பள்ளத் தோட்டங்களில் வெள்ளம் மெதுவாக ஏறி நாட்கணக்கில் நிற்கும். மேட்டுத் தோட்டங்களில் அப்படியில்லை. ஓடை ஒரு மணித்தியாலத்தில் பெருகி வந்து போய்விடும். பாலத்துக்குக் கீழே மரக்கிளையும் பொலித்தீன் பையும் அடைத்திருந்தால் தண்ணீர் லயத்துப் பக்கமாகத் திரும்பிவிடும். லயத்துக்குப் பின்னால் உள்ள கான் மூடியிருந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, மேட்டைக் கனக்கச் செய்து, சரித்துவிடும். குசினி பெரிதாக்கவும் குளியலறை கட்டவும் பின்பக்க மண்மேட்டை நேராக வெட்டுகிறோமே, அதுவும் மலையின் காலை வெட்டுவதுபோலத்தான்.

மழையின் அளவு மிக முக்கியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாகக் கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், அதாவது கவனமாக இருங்கள். 100 மில்லிமீற்றர் தாண்டினால் செம்மஞ்சள், அதாவது வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 மில்லிமீற்றர் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் சிவப்பு, அதாவது உடனே வெளியேறுங்கள்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கம் நேரான ஒரு வெறும் தகரப்பேணியை மரமோ கூரையோ இல்லாத வெளியில் வையுங்கள். அதில் சேரும் தண்ணீரைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 75 மில்லிமீற்றர் என்பது ஏழரை சென்ரிமீற்றர், ஏறக்குறைய மூன்று அங்குலம். 150 மில்லிமீற்றர் ஏறக்குறைய ஆறு அங்குலம். இரவில் மூன்று அங்குலம் சேர்ந்துவிட்டால் வீட்டில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

மழை குறைவாக இருந்தாலும் நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென்று இறுக்கமாகிப் பூட்ட முடியாத கதவு, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்கி வருவது, புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது ஆகியவை கெட்ட அறிகுறிகள். கண்டால் தோட்டத்துரைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் கோல் எடுக்கலாம்.

காப்புறுதி என்பது என்ன?

நமக்குப் பழக்கமான மரண உதவிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 200 குடும்பம் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் 20,000 ரூபாய் சேருகிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் பணம் அந்த வீட்டுக்குப் போகிறது. மற்ற 199 வீட்டாரும் “நம்ம காசு போச்சே” என்று வருத்தப்படுவதில்லை. நாளைக்கு நமக்கும் இதே உதவி உண்டு என்ற நம்பிக்கைதான் காரணம். காப்புறுதியின் அடிப்படையும் இதுவேதான். பலரும் போடும் சிறிய தவணைப் பணத்திலிருந்து, சேதப்பட்ட சிலருக்குப் பெரிய தொகை கொடுக்கப்படுகிறது.

அப்படியானால் வெள்ளத்துக்கும் நம் சங்கத்திலேயே பணம் சேர்க்கலாமே என்று கேட்கலாம். சாவு ஒரு வீட்டில் ஒரு நாள் வரும். வெள்ளம் அப்படி வராது. ஒரே இரவில் 60 வீட்டுக்குள் புகும். அந்த 60 வீட்டாரும்தான் சங்கத்துக்குப் பணம் போட்டவர்கள். சங்கப்பெட்டி ஒரே நாளில் காலியாகிவிடும். அதனால்தான் வெள்ளக் காப்புறுதிக்கு நாடளாவிய பெரிய நிறுவனம் தேவைப்படுகிறது. அந்த நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் தன்னைக் காப்புறுதி செய்துகொள்ளும். இதை மீள்காப்புறுதி என்பார்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நமது தோட்டங்களுக்கு வரும் முகவர்கள் பெரும்பாலும் ஆயுள் காப்புறுதி பற்றித்தான் பேசுவார்கள். அதில் பல திட்டங்களில் காலம் முடிந்ததும் ஒரு தொகை திரும்பி வரும். வீட்டுக் காப்புறுதி அப்படியல்ல. ஒரு வருடத்துக்குப் பணம் கட்டுகிறோம். அந்த வருடம் சேதம் இல்லையென்றால் கட்டிய பணம் திரும்பாது. அடுத்த வருடம் மறுபடி புதுப்பிக்க வேண்டும். “ஒன்றும் நடக்கவில்லை, காசு வீண்” என்று விட்டவருக்கு அடுத்த மழையில் பாதுகாப்பு இருக்காது.

அரசாங்கத்தின் ஏற்பாடு

அரசாங்கத்துக்குச் சொந்தமான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. 2016இல் இந்த நிதியத்தின் மூலம் நாடு முழுவதற்கும் ஓர் இயற்கை அனர்த்தக் காப்புறுதி செய்யப்பட்டது. தவணைப் பணத்தை அரசாங்கமே கட்டியது, மக்கள் ஒரு சதமும் கட்டவில்லை. வெள்ளம், மண்சரிவு, சூறாவளி, நிலநடுக்கம், சுனாமி ஆகியன அதில் அடங்கின. வரட்சி அடங்கவில்லை. வீட்டுச் சேதத்துக்கு ஆகக் கூடியது 25 இலட்சம் ரூபாய், உயிரிழப்புக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அப்போது வகுக்கப்பட்டது. அடுத்த மாதமே மே வெள்ளம் வந்ததால் இந்த ஏற்பாட்டுக்கு உடனேயே வேலை வந்துவிட்டது.

இத்தகைய அரச உதவியின் தொகையும் நிபந்தனையும் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். ஆகவே பழைய தொகையை மனதில் வைத்துக் கணக்குப் போடாமல், பிரதேச செயலகத்தில் அப்போது நடைமுறையில் உள்ளதைக் கேட்க வேண்டும். எந்தத் தொகையானாலும் அது கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, பிரதேச செயலாளரின் பரிந்துரை, சேத மதிப்பீடு என்ற வழியாகத்தான் நம் கைக்கு வரும். அந்த வழியில் நமது பெயர் இல்லையென்றால் பணமும் இல்லை.

“வீடே நம்ம பேருல இல்லையே?”

ஒரு தோட்டத்துக் கூட்டத்தில் ஓர் அக்கா இதே கேள்வியைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் கம்பெனியுடையது, லயத்துக் காம்பராவில் இருப்பது நாம். நமக்குச் சொந்தமில்லாத சுவரை நாம் காப்புறுதி செய்ய முடியாது. எது அழிந்தால் நமக்கு நட்டமோ அதைத்தான் காப்புறுதி செய்யலாம் என்பது காப்புறுதிச் சட்டத்தின் முதல் விதி.

ஆனால் காம்பராவுக்குள் இருக்கும் சாமான் நமக்குச் சொந்தம். கட்டில், அலுமாரி, தையல் மெஷின், டீ.வி., குளிர்சாதனப்பெட்டி, பிள்ளைகளின் படிப்புச் சாமான் எல்லாம் நாம் உழைத்து வாங்கியவை. இவற்றுக்கு மட்டும் வீட்டுச் சாமான் காப்புறுதி கேட்கலாம். காசுக்கும் நகைக்கும் பெரும்பாலும் தனி நிபந்தனை இருக்கும். கட்டடத்தைப் பொறுத்தவரையில் திருத்த வேண்டியதை எழுத்தில் கேட்பதுதான் நம் கையில் உள்ள வழி. வாயால் சொன்னது மழையோடு போய்விடும். கடிதத்தின் பிரதியில் ஆபீசில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களின் நிலை வேறு. காணி உறுதி கையில் இருந்தால் நீங்கள் வீட்டுச் சொந்தக்காரர். வீட்டையும் சாமானையும் காப்புறுதி செய்யலாம். உறுதி இன்னும் கிடைக்காதவர்கள் வீடு ஒப்படைத்த கடிதத்தையாவது பத்திரமாக வைத்திருங்கள். உறுதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். வங்கிக் கடனில் வீடு கட்டியவர்களிடம் வங்கியே காப்புறுதி கேட்டிருக்கும். அது தீக்கு மட்டுமா, வெள்ளம், மண்சரிவும் உண்டா என்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்தெந்த ஆபத்து அடங்கும்? வீட்டுக் காப்புறுதியின் அடிப்படை பெரும்பாலும் தீயும் இடியும்தான். வெள்ளமும் புயலும் மேலதிகமாகப் பணம் கட்டிச் சேர்ப்பவை. மண்சரிவு என்ற சொல் தாளில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் இருப்பவருக்கு அந்தச் சொல்தான் பெரிது.

2. வீட்டின் பெறுமதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? தவணைப் பணம் குறையட்டும் என்று குறைத்து எழுதினால் நட்டஈடும் குறையும். திரும்பக் கட்ட 20 இலட்சம் ஆகும் வீட்டை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்ததாக வையுங்கள். வெள்ளத்தில் 4 இலட்ச ரூபாய் சேதம். 10 இலட்சத்துக்குள் தானே என்று 4 இலட்சமும் தரமாட்டார்கள். பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்பதால் சேதத்திலும் பாதி, 2 இலட்சம்தான் தருவார்கள்.

3. நம் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு சேதத்திலும் ஒரு பகுதியை வீட்டுக்காரரே தாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது எத்தனை வீதம், ஆகக் குறைந்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.

4. எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்? பிந்தினால் கோரிக்கை தள்ளுபடியாகலாம்.

5. நாம் செய்யக்கூடாதது என்ன? மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதிச் சான்று தேவை. அனுமதியில்லாமல் மேட்டை வெட்டிக் கட்டிய பகுதி இடிந்தால் அதற்குப் பணம் கிடைப்பது சந்தேகம்.

விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். வெறும் படிவத்தில் ஒப்பம் வைக்கவே கூடாது. பணம் கட்டினால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தாளைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது

மீரியபெத்தையில் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்க வைக்கப்பட்டார்கள். புதிய வீடு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் சென்றது. இப்படி எல்லாம் இழந்து நிற்கும்போது “நான் இன்னார், இந்தக் காம்பராவில் இருந்தேன்” என்று காட்ட ஒரு தாளாவது வேண்டும். ஆகவே கீழுள்ளவற்றை ஒரு தடித்த பொலித்தீன் உறையில் போட்டு, வாய் கட்டி, கதவருகே எடுக்க வசதியாக மாட்டி வையுங்கள்.

- தேசிய அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள்
- காணி உறுதி அல்லது வீடு ஒப்படைத்த கடிதம்
- சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி விபரம்
- வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு
- பிள்ளைகளின் பாடசாலை அறிக்கை, கிளினிக் அட்டை
- காப்புறுதி ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும்
- பெரிய சாமான்களின் பட்டியல், வாங்கிய பில்

எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி எடுத்து வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போனில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினாலும் நல்லது.

விலாசமும் முக்கியம். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. பிரிவு, லயன் இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாம் கிராம உத்தியோகத்தரின் பதிவில் இருக்க வேண்டும். ஒரே காம்பராவில் அப்பா குடும்பமும் மகன் குடும்பமும் இருப்பது நம்மிடையே சாதாரணம். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம் பதிவிலும் தனியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரே குடும்பமாகப் பதிந்திருந்தால் உதவியும் ஒன்றாகத்தான் வரும்.

சேதம் நடந்த பிறகு

அதிகாரிகள் பாதுகாப்பு என்று சொல்லும்வரை திரும்பிப் போகாதீர்கள். போனதும் துப்புரவு செய்ய அவசரப்பட வேண்டாம். முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு கோடு போடுங்கள். கெட்டுப்போன சாமானை உடனே வீசிவிடாமல், மதிப்பிட வருபவருக்குக் காட்டும்படி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாற்றம் தாங்காமல் வீசத்தான் வேண்டுமென்றால் படம் எடுத்துவிட்டு வீசுங்கள். மின்சாரம் நனைந்த வீட்டில் சுவிட்சைத் தொடாதீர்கள்.

அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட ஆபீசுக்கும் அறிவியுங்கள். காப்புறுதி இருந்தால் கம்பெனிக்கும் அறிவியுங்கள். கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி, யாரிடம் எந்தத் திகதியில் கொடுத்தோம் என்ற குறிப்பு, இரண்டும் வைத்திருங்கள். கம்பெனி காரணமில்லாமல் இழுத்தடித்தால், காப்புறுதி நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் அரச ஆணைக்குழு கொழும்பில் உண்டு. அங்கே முறைப்பாடு செய்யலாம்.

உயிருக்கு ஈடு இல்லை

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காப்புறுதி இருக்கிறது என்பதற்காக ஆபத்தான இடத்தில் தங்கக்கூடாது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் 2014 வரை மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். வேறு இடம் கிடைக்காமல் ஒரு குடும்பம் தானாக எங்கே போகும்? ஆகவே உங்கள் லயம் அபாய இடம் என்று அறிக்கை வந்திருந்தால் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து, மாற்றிடம் எப்போது என்று நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தனியாள் கேட்டால் ஒரு கடிதம். லயமே சேர்ந்து கேட்டால் அது ஒரு கோரிக்கை.

இந்த மாதம் ஒவ்வொரு வீட்டாரும் மூன்று வேலை செய்யும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். பின்பக்கத்துக் கானைத் துப்புரவாக்குங்கள். தாள்களை ஓர் உறையில் சேருங்கள். கிராம உத்தியோகத்தரின் பதிவில் உங்கள் பெயரைப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை. காப்புறுதி எடுக்க வசதியுள்ளவர்கள் வானம் வெளுத்திருக்கும்போதே எடுங்கள். ஆறு பெருகிய பிறகு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்காது.

படிவம் நிரப்பவோ கடிதம் எழுதவோ உதவி தேவையென்றால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் தயங்காமல் வாருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்ட வேண்டும்.